பைத்தியத் தேனும் ஒரு கீற்று ஒளியும்

துருக்கியின் கருங்கடல் மலைகளில் 2,400 ஆண்டுகளாக மனிதர்களைச் சாய்த்துவரும் தேன் இது. இத்தனை காலமும் அதை நாக்கால்தான் எடைபோட்டார்கள். இப்போது ஒளியைக் கொண்டு எடைபோட முயற்சி நடக்கிறது.

டிராப்ஸானிலிருந்து கிழக்கே ரீஸே நகரம் சுமார் 75 கி.மீ. இடது பக்கம் கருங்கடல். வலது பக்கம், தண்ணீரிலிருந்தே நேராக எழுந்து நிற்பதுபோல மலை. இரண்டுக்கும் நடுவே மிஞ்சிய கையகல இடத்தில் சாலை, வீடுகள், மசூதி, தேயிலை ஆலை எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. துருக்கி என்றதும் வறண்ட பீடபூமியை நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தப் பச்சை அதிர்ச்சி தரும். நாட்டிலேயே அதிக மழை பெய்வது இங்குதான். ரீஸேயில் ஆண்டுக்கு 2,200 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. சரிவெல்லாம் தேயிலை. குன்னூரையோ வால்பாறையையோ பார்த்தவர்கள், பின்னணியில் கடல் மட்டும் இல்லாவிட்டால், ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று திகைப்பார்கள்.

தேயிலை இங்கே நேற்று வந்தது. முதல் ஆலை ரீஸேயில் திறக்கப்பட்டது 1947இல். அதற்கு முன்பு சோளமும் ஹேசல் கொட்டையும்தான். மலை மேலிருந்த ஹெம்ஷின் ஆண்கள் ரொட்டி சுடும் வேலை தேடி ரஷ்ய நகரங்களுக்குப் போனார்கள். நிலம் சோறு போடாத அந்தக் காலத்திலும் காடு ஒன்றைத் தவறாமல் கொடுத்து வந்தது. தேன்.

அந்தத் தேனைச் சாலையோரக் கடைகளில் இன்றும் பார்க்கலாம். கண்ணாடி ஜாடிகள் வரிசையாக, இளமஞ்சளில் தொடங்கிக் கறுப்பில் முடியும். லிண்டன் மரத் தேன், செஸ்நட் தேன், ஆன்ஸெர் மேய்ச்சல் நிலத்துப் பூக்களின் தேன் (இதன் விலையைக் கேட்டுவிட்டு ஜாடியைப் பத்திரமாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்பவர்களே அதிகம்). இவற்றிலிருந்து சற்றே விலகி, செம்பழுப்பில் இன்னொன்று. அதன் பெயர் 'டெலி பால்'. தமிழ்க் காதுக்கு இது குழப்பம் தரும் பெயர். துருக்கி மொழியில் 'பால்' என்றால் தேன். 'டெலி' என்றால் பைத்தியம். பைத்தியத் தேன். இதை ஒரு சின்னக் கரண்டி, வெதுவெதுப்பான பாலில் கலந்து காலையில் குடித்தால் வயிற்றுக்கு நல்லது, ரத்த அழுத்தம் இறங்கும், ஆண்மை கூடும் என்பது ஊர் நம்பிக்கை. மூன்றில் ஒன்று உண்மை. ரத்த அழுத்தம் நிச்சயமாக இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதுதான் பிரச்சினை.

பித்தின் ஊற்றைப் பார்க்கக் கடற்கரையை விட்டு மேலே ஏற வேண்டும். ஆர்தெஷென் என்ற ஊரருகே ஃபிர்டினா ஆறு கடலில் கலக்கிறது. பெயருக்குப் புயல் என்று பொருள். பனி உருகும் மாதங்களில் பெயருக்கேற்றபடி பாய்கிறது. ஆற்றின் குறுக்கே ஒட்டகத்தின் திமில்போல வளைந்த பழைய கல் பாலங்கள். சாம்லிஹெம்ஷினைத் தாண்டினால் பள்ளத்தாக்கு குறுகி, மேகம் தலைக்கு மேலே இறங்கி வந்துவிடும். அதற்கும் மேலே கச்கார் மலைத்தொடர். உச்சி 3,937 மீட்டர். இந்தச் சரிவுகளில் பீச், செஸ்நட் மரங்களின் அடியில் புதராக மண்டிக் கிடப்பது ரோடோடெண்ட்ரான். நீலகிரிச் சோலைகளில் காட்டுப் பூவரசு என்று சொல்லப்படும் சிவப்புப் பூ மரம் இதற்குப் பங்காளி முறை. நேபாளத்தின் தேசிய மலரான லாலி குராஸும் அதே குடும்பம். ஆனால் இங்கே உள்ளவை இரண்டு: ஊதாப் பூ பூக்கும் பொன்டிகம், மஞ்சள் பூ பூக்கும் லூட்டியம். உள்ளூரில் முதலாவதைக் 'கோமார்' என்றும் இரண்டாவதை 'ஸிஃபின்' என்றும் சொல்கிறார்கள். மே, ஜூனில் மலையே ஊதாவும் மஞ்சளுமாக மாறிவிடும். அழகுக்குக் குறைவில்லை. இரண்டுமே நஞ்சு.

நஞ்சின் பெயர் கிரேயனோடாக்சின். இலையில் இருக்கிறது, பூவில் இருக்கிறது, பூவின் மதுவிலும் இருக்கிறது. அதைக் குடிக்கும் தேனீக்கு என்ன ஆகிறது? இங்கே உள்ளவை காக்கேசியத் தேனீக்கள். நீண்ட நாக்குக்கும் சாதுவான குணத்துக்கும் பெயர் போன இனம். தலைமுறை தலைமுறையாக இதே பூக்களில் பிழைத்து வருகின்றன. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் அழகுச் செடியாக பிரிட்டனுக்கும் பிறகு அயர்லாந்துக்கும் போன பொன்டிகம் அங்கே காடுகளை விழுங்கும் களையாகிவிட்டது. அங்குள்ள தேனீக்களுக்கு இந்த நஞ்சைக் கொடுத்துப் பார்த்தபோது சில மணி நேரத்தில் செத்தன. பம்பிள்பீ என்னும் பெருவண்டினத்துக்கு எதுவும் ஆகவில்லை. 2015இல் வெளியான ஆய்வு இது.

தேனைச் சேகரிக்கும் முறையும் பழையதுதான். லிண்டன் மரத்துண்டைக் குடைந்து உருளையாக்கி, இரு முனையையும் மூடி, உயரமான மரத்தின் கிளைக்கவட்டில் கட்டிவிடுகிறார்கள். பல ஆள் உயரம். கயிற்றைப் பற்றி ஏறித்தான் தேனெடுக்க வேண்டும். காரணம் கரடி. மரமேறும் கரடிக்குத் தடையாக அடிமரத்தில் தகரம் சுற்றுவதும், கல்தூண் மேல் மேடை கட்டி அதில் கூடுகளை வைப்பதும் உண்டு. இப்போது பெரும்பாலோர் பெட்டிக் கூடுகளுக்கு மாறிவிட்டாலும், கரிய உருளைக்கூட்டுத் தேன் என்றால் வாங்குபவருக்கு ஒரு மயக்கம். (சொல் பொருத்தமாகவே விழுந்திருக்கிறது.)

மயங்கியவர்களின் பட்டியலில் முதலிடம் ஒரு கிரேக்கப் படைக்கு. கி.மு. 401இல் பாரசீக அரியணைக்காக நடந்த சண்டையில் கூலிக்குப் போரிடப் போய், தலைவனை இழந்து, வடக்கு நோக்கி நடந்தே திரும்பிய பத்தாயிரம் வீரர்கள். அவர்களை வழிநடத்தியவர்களில் ஒருவரான செனஃபன் பின்னர் எழுதிய 'அனபாஸிஸ்' நூலில் இது வருகிறது. மலையிலிருந்து கருங்கடலைக் கண்டு ஆனந்தக் கூத்தாடிய படை, டிராப்ஸான் அருகே (அன்று டிரபீஸஸ்) கொல்கியர்களின் கிராமங்களில் தங்கியது. ஏராளமான தேன்கூடுகள். பசித்த வீரர்கள் தின்றார்கள். வாந்தி, பேதி. ஒருவராலும் எழுந்து நிற்க முடியவில்லை. கொஞ்சம் தின்றவர்கள் குடிகாரர்களைப்போல உளறினார்கள், நிறையத் தின்றவர்கள் பித்துப் பிடித்தவர்கள்போலவும் சாகக் கிடப்பவர்கள்போலவும் ஆனார்கள். போரில் தோற்ற படையைப்போல மண்ணில் கிடந்தார்கள் என்கிறார் செனஃபன். ஆனால் யாரும் சாகவில்லை. மறுநாள் ஏறக்குறைய அதே நேரத்தில் புத்தி தெளிந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ எழுந்து நடந்தார்கள். இன்றைய அவசர சிகிச்சைப் பிரிவின் கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தால் இதிலிருந்து அதிகம் மாறியிருக்காது.

அடுத்து வந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, பொன்டஸ் அரசன் மித்ரிடேட்டஸை ஒடுக்க ரோமானியத் தளபதி பாம்பே வந்தபோது, மலைக்குடியினர் வழியோரத்தில் இந்தத் தேனைக் கிண்ணங்களில் வைத்துவிட்டு ஒளிந்துகொண்டார்கள். குடித்து நிலைதடுமாறிய மூன்று படைப்பிரிவுகளை வெட்டிச் சாய்த்தார்கள். இதை எழுதிவைத்த ஸ்ட்ராபோ இதே பொன்டஸ் நாட்டின் அமாஸ்யாவில் பிறந்தவர். ஊர்க்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நஞ்சு செய்யும் வேலை எளிமையானது. நரம்பிலும் இதயத்திலும் உள்ள செல்களின் சவ்வில் சோடியம் நுழையும் நுண்வாசல்கள் உண்டு. திறந்து உடனே மூடிக்கொள்ள வேண்டிய வாசல்கள். கிரேயனோடாக்சின் போய் ஒட்டிக்கொண்டால் மூடாது. நரம்பு அடங்காமல் தூண்டப்படுகிறது. வேகஸ் நரம்பு இதயத்தை அடக்குகிறது. நாடி இறங்குகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, வியர்வை கொட்டுகிறது, கண் இருள்கிறது. சில சமயம் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் போவதே தடைபடுகிறது. தின்ற சில நிமிடங்களிலும் வரலாம், சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஐந்து கிராமில் விழுந்தவர்களும் உண்டு, முப்பது கிராம் வரை தாங்கியவர்களும் உண்டு.

கருங்கடல் கரை மருத்துவமனைகளில் இளம் டாக்டருக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடங்களில் இது ஒன்றாக இருக்க வேண்டும். நாற்பது ஐம்பது வயதுக்காரர், ஆண், நாடி நாற்பதுக்குக் கீழே, உடம்பெல்லாம் வியர்வை. காலையில் தேன் சாப்பிட்டீர்களா? ஆம் என்றால் அட்ரோபின் ஊசி, சலைன், ஒரு நாள் கண்காணிப்பு. மறுநாள் வீடு. கேள்வியைக் கேட்கத் தெரியாத ஊரில், கதையே வேறு. மாரடைப்பு என்று தோன்றும். இதயத்துக்குத் தற்காலிகப் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கிறார்கள். மேலே சொன்ன நம்பிக்கைகளில் மூன்றாவதுதான் இந்த வயது ஆண்களை அதிகம் இழுக்கிறது என்பது டாக்டர்களின் கணிப்பு. சாவு மிக அரிது. ஆனால் வண்டி ஓட்டும்போதோ, வீட்டில் தனியாக இருக்கும்போதோ நாடி விழுந்தால் அரிதானது என்ற புள்ளிவிவரம் உதவாது.

தேன் ஊரைத் தாண்டிப் போவது புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டில் கருங்கடல் கரையிலிருந்து இந்தத் தேன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. மதுக்கடைகளில் பானங்களுக்கு 'கிக்' ஏற்றுவதற்காக. பிரெஞ்சுக்காரர்களும் பைத்தியத் தேன் என்றே பெயர் வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதியியலாளர்கள் நஞ்சைப் பிரித்தெடுத்ததும் டிராப்ஸான் தேனிலிருந்துதான். அன்று ஆண்ட்ரோமெடோடாக்சின் என்று பெயரிட்டார்கள். இன்று கப்பல் தேவையில்லை. தபாலில் வருகிறது. நேபாளத்தில் லம்ஜங், காஸ்கி மலைகளின் செங்குத்துப் பாறைகளில், உலகின் மிகப் பெரிய தேனீ கட்டும் கூடுகளிலிருந்து, குருங் இனத்தவர் மூங்கில் நார் ஏணியில் தொங்கியபடி எடுக்கும் வசந்தகாலச் செந்தேனுக்கும் இதே குணம். கொரியாவில் அதற்குப் பெரும் கிராக்கி இருந்தது. பலர் மருத்துவமனைக்குப் போன பிறகு தென்கொரியா 2005இல் அதன் இறக்குமதியைத் தடைசெய்தது.

ஆக, ஜாடி எங்கே போனாலும் ஒரே கேள்வி. உள்ளே எவ்வளவு இருக்கிறது? லேபிளில் எழுதியிருக்காது. விற்பவருக்கும் தெரியாது. ஒரே சரிவில், ஒரே ஆண்டில், இரண்டு கூடுகளின் தேன் ஒன்றாக இருப்பதில்லை. வசந்தம் குளிராக இருந்து மற்றப் பூக்கள் கருகிய ஆண்டில் தேனீ முழுக்க ரோடோடெண்ட்ரானையே நம்பும், தேன் கடுமையாகும். ஜூன் கடைசியில் செஸ்நட் பூத்து அதன் தேன் கலந்தால் வீரியம் குறையும். பெரிய கம்பெனிகள் பல ஊர்த் தேனைக் கலப்பதால் நஞ்சு நீர்த்துவிடும். நான்கைந்து கூடு வைத்திருக்கும் சின்னத் தேன்காரரிடம் நேரடியாக, சுத்தமானதாகத் தேடி வாங்குகிறவர்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார். கலப்படமற்றதைத் தேடியதற்குக் கிடைக்கும் பரிசு.

ஊரின் சோதனைக்கூடம் நாக்கு. பைத்தியத் தேன் லேசாகக் கசக்கும், தொண்டையில் எரியும் என்கிறார்கள். அனுபவசாலி ஒரு சொட்டைத் தொட்டு, சற்றுக் காத்திருந்து, தலை கனக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். ஆனால் செஸ்நட் தேனும் கசக்கும். நாக்கு ஏமாறுவதற்கு இது போதும்.

அடுத்த சோதனை மைக்ராஸ்கோப். தேனில் மகரந்தத் தூள் இருக்கும். ரோடோடெண்ட்ரானின் மகரந்தத்தை அடையாளம் காண்பது சுலபம், நான்கு நான்காக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் வடிகட்டிய தேனில் மகரந்தம் இருக்காது. இருந்தாலும் அது பூவைக் காட்டுமே தவிர நஞ்சின் அளவைக் காட்டாது. அயர்லாந்தில் களையாகப் பரவிய பொன்டிகம் செடிகளில் சிலவற்றின் மதுவில் முக்கிய நஞ்சு அறவே இல்லை என்று கண்டிருக்கிறார்கள். பூ அதேதான், மகரந்தமும் அதேதான். விஷம் மட்டும் இல்லை.

நம்பகமான வழி ஒன்றுதான். தேனைக் கரைத்து, நஞ்சைப் பிரித்து, திரவ நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தி, வெளிவரும் மூலக்கூறுகளை நிறைமானியில் எடைபோடுவது. துல்லியம் அபாரம். கருவியின் விலையும் அபாரம். அது பெரிய நகரங்களின் ஆய்வகங்களில் இருக்கிறது, தேன் கச்கார் மலையில் இருக்கிறது. முடிவு வருவதற்குள் ஜாடி விற்று, வாங்கியவர் காலி செய்து, பிழைத்தும் எழுந்துவிடுவார். இதற்கிடையே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஒரு கணக்குப் போட்டது. ஒரு கிலோ தேனில் இரண்டு முக்கிய கிரேயனோடாக்சின்களும் சேர்ந்து 0.05 மில்லிகிராம் வரை இருந்தால் எந்த வயதினருக்கும் உடனடிக் கவலை இல்லை. அதாவது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. பைத்தியத் தேனில் காணப்படுவதோ சில மில்லிகிராமிலிருந்து பல பத்து மில்லிகிராம் வரை.

இங்கேதான் ஒளி வருகிறது. ஜாடியைத் திறந்து ஒரு சொட்டு, முடிந்தால் திறக்காமலே, ஒரு கீற்று ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைப் படித்துச் சொல்லிவிட முடியுமா? துருக்கியிலும் வெளியிலும் ஆய்வகங்கள் இதைத்தான் கேட்டுவருகின்றன. வழிகள் பல. அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சினால் மூலக்கூறின் பிணைப்புகள் தத்தமக்குப் பிடித்த அலைநீளத்தை விழுங்கும், விழுங்கிய இடங்கள் பள்ளங்களாகத் தெரியும். புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் தேனிலுள்ள அமினோ அமிலங்களும் பீனால் வகைப் பொருள்களும் வேறு நிறத்தில் ஒளிரும். பூவுக்குப் பூ அந்த ஒளிர்வின் வரைபடம் மாறும். மூன்றாவது வழி, தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் தேவைப்படாதது.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு, கல்கத்தா பௌபஜார் தெருவில் அப்போது இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கூடத்தில் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்தது இது. சூரிய ஒளி, நிற வடிகட்டிகள், ஒரு கையடக்க நிறமாலைமானி. அறுபது வகைத் திரவங்கள் வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்ததாக அந்த ஆண்டு 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிய குறிப்பில் எழுதினார்கள். ஒளி மூலக்கூறில் மோதிச் சிதறும்போது பெரும்பகுதி வந்த நிறத்திலேயே திரும்பும். ஏறத்தாழ கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும் மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டோ எடுத்துக்கொண்டோ நிறம் மாறித் திரும்பும். அந்த மாற்றம்தான் மூலக்கூறின் கைரேகை. 1930இல் நோபல் பரிசு. சூரியனுக்குப் பதில் லேசர் வந்த பிறகு, அந்தக் கைரேகையைப் படிக்கும் கருவி கையில் பிடிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஓரிடத்தில் ஒளியைப் பாய்ச்சிச் சற்றுத் தள்ளி இன்னோரிடத்தில் சேகரித்தால் பாட்டிலின் சுவரைத் தாண்டி உள்ளே இருப்பதைப் படிக்கலாம் என்று பிரிட்டனின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் 2005இல் காட்டினார்கள். விமான நிலையங்களில் திரவப் பாட்டில்களைத் திறக்காமல் சோதிக்கும் கருவிகள் அதன் பிள்ளைகள். விமான நிலையத்தில் முடிவது தேன் கடையில் முடியாதா?

முடியும், பாதி மட்டும். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. ஒரு கிலோவில் 800 கிராம் சர்க்கரைக்கு நடுவே இருபது மில்லிகிராம் நஞ்சு என்றால் நாற்பதாயிரத்தில் ஒன்று. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது ஒரு கொசுவின் ரீங்காரத்தைக் கேட்க முயல்வது போன்றது. போதாக்குறைக்குக் கறுத்த தேன் லேசர் பட்டதும் தானே ஒளிர்ந்து ராமன் சமிக்ஞையை மூழ்கடித்துவிடுகிறது. லேசரை அகச்சிவப்புப் பக்கமாக நகர்த்தினால் இந்த ஒளிர்வு குறையும், கூடவே சமிக்ஞையும் மெலியும். புற ஊதாவில் தேடலாமென்றால் கிரேயனோடாக்சினுக்கு அங்கே சொல்லிக்கொள்ளும்படி உறிஞ்சும் குணம் இல்லை. நஞ்சு வெளிச்சத்துக்குப் பிடிகொடுக்காத பேர்வழி.

அதனால் ஆய்வாளர்கள் சுற்றுவழியில் போகிறார்கள். நஞ்சைத் தேடாமல் தேனின் ஒட்டுமொத்த முகத்தைப் படிப்பது. ஆய்வகத்தில் அளந்து உறுதி செய்த பைத்தியத் தேன்களையும் சாதாத் தேன்களையும் ஒளியில் காட்டி, இரண்டு கோலங்களையும் கம்ப்யூட்டருக்குப் பழக்குகிறார்கள். பிறகு புதுத் தேனைக் காட்டினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது சொல்லும். தனித்தனிப் பூக்களின் தேனைப் பிரித்தறிவதில் இந்த முறை நன்றாகவே தேறுகிறது. ஆனால் நினைவிருக்கட்டும், கம்ப்யூட்டர் கற்றது பூவின் முகத்தை. மகரந்தத்துக்குச் சொன்ன அதே ஆட்சேபணை இதற்கும் உண்டு. செஸ்நட்டோடு பாதி கலந்த தேனை, அடுத்த ஆண்டுத் தேனை, பக்கத்துப் பள்ளத்தாக்குத் தேனை அது பார்த்ததே இல்லை என்றால் உளறும். இன்னொரு சுற்றுவழி, தேனிலிருந்து சர்க்கரையை விலக்கி, மிஞ்சியதை நுண்ணிய வெள்ளித் துகள்கள் மேல் படியவைத்து ராமன் சமிக்ஞையைப் பல மடங்கு பெருக்குவது. நஞ்சை நேராகப் பார்க்க அதுவே நம்பிக்கை தரும் வழி. ஆனால் 'திறக்காமல், தொடாமல்' என்ற வசீகரம் அதில் போய்விடுகிறது.

இந்தியாவுக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. 2020 டிசம்பரில் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் இருந்த 13 பிராண்டுத் தேன்களில் மூன்று மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின என்று அறிவித்தது. கம்பெனிகள் மறுத்தன. வழக்கமான சோதனைகளைத் தாண்டிச் செல்லும்படியே சர்க்கரைப் பாகு தயாராகிறது என்பதுதான் அன்று வெளிவந்த விஷயம். சோதனை எதைப் பார்க்கிறதோ அதற்கேற்ப ஏமாற்று வேலையும் நகரும். பைத்தியத் தேனில் இது தலைகீழாகவும் நடக்கும். சாதாத் தேனில் சாயம் பூசிப் பைத்தியம் என்று விற்கலாம், வாங்கியவர் ஏமாந்தாலும் உயிரோடு இருப்பார். மறுபக்கம், செஸ்நட் என்று லேபிள் ஒட்டிய ஜாடியில் அரைப்பங்கு கோமார் இருந்தால்?

கருவி உண்மையில் உதவக்கூடிய இடம் கூட்டுறவுச் சங்கத்தின் கொள்முதல் மேசைதான். மலையிலிருந்து வரும் நூறு டின்களில் எந்தப் பத்தை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று சொன்னால் போதும். தீர்ப்பை நிறைமானி சொல்லட்டும். இதில் ஜெயிப்பவர்களும் தோற்பவர்களும் உண்டு. லிண்டன் தேன் விற்பவருக்குச் சந்தேகம் நீங்கும். பைத்தியத் தேனுக்கென்றே வாடிக்கை வைத்திருப்பவருக்கு ஜாடியின் மேல் ஒரு எண் ஏறும். எண் ஏறியதும் எண்ணுக்கேற்ற விலை கேட்பார்கள், கூடிய எண்ணைத் தேடி வருவார்கள். தெரியாமல் விழுந்தவர்கள் குறையலாம், தெரிந்தே விழுகிறவர்கள் கூடலாம். மரத்தின் மேல் நான்கு உருளைக்கூடு வைத்திருக்கும் முதியவரின் நாக்குக்கு இதுவரை இருந்த மரியாதை எங்கே போகும் என்பதை எந்த ஆய்வுக் கட்டுரையும் கணக்கில் எடுக்கவில்லை.

சோதனை ஏதுமின்றித் தேனைத் தின்பவர்களும் காட்டில் இருக்கிறார்கள். 2022 ஆகஸ்டில், கருங்கடல் கரையின் மேற்குப் பகுதியில் உள்ள டியூஸ்ஜே காட்டில், ஒரு பழுப்புக் கரடிக் குட்டி நிற்க முடியாமல் தள்ளாடி உட்கார்ந்திருந்தது. பைத்தியத் தேனை அளவுக்கு மீறித் தின்றிருந்தது. ஒரு பிக்கப் வண்டியின் பின்புறத்தில் கால்களைப் பரப்பி, வாய் பிளந்து, உலகை வெறித்துப் பார்த்தபடி அது உட்கார்ந்திருந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. கால்நடை மருத்துவர்கள் சிகிச்சை அளித்தார்கள். தேறிவிட்டது. மக்களிடம் பெயர் கேட்டார்கள். வந்த பெயர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டது 'பால்கிஸ்'. தேன் பெண்.

ஃபிர்டினா பள்ளத்தாக்கில் மாலை நான்கு மணிக்கே மேகம் இறங்கிவிடுகிறது. சாலையோரக் கடைக்காரர்கள் ஜாடிகளை உள்ளே எடுத்து வைக்கிறார்கள். செம்பழுப்பு ஜாடியோடு ஒரு சின்னக் கரண்டியும் உள்ளே போகிறது. காப்பிக்குச் சர்க்கரை போடும் கரண்டியில் பாதிதான் இருக்கும்.